21ஆம் உறுப்புரை எந்த நாட்டுடையது?

மண்கும்பானில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை தன் நாட்டின் அரசியலமைப்பை இணையத்தில் தானே தேடிப் படித்தால் என்ன கிடைக்கும், எங்கே வழி தவறும், எதைக் கேட்கத் தொடங்கும்?

யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினால் முதலில் பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் முழங்காலளவுக் கடல். மண்டைதீவுக்குப் பிரியும் சந்தியும் அல்லைப்பிட்டியும் கழிந்தால் மண்கும்பான் வந்துவிடும். ஊரின் பெயரிலேயே மணல் குவிந்து கிடக்கிறது. வீதி அங்கே நிற்பதில்லை. வேலணை, புங்குடுதீவு என்று ஓடிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கடலைத் தொட்டு முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் அங்கே படகு ஏறுகிறார்கள்.

இந்த வீதியோரத்து வீடொன்றில் தரம் 8 படிக்கும் பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்குக் குடியியற் கல்விப் பாடம். அம்மாவின் போனை வாங்கி, 'அரசியலமைப்பு 21' என்று தமிழில் தட்டுகிறது. வந்து விழும் பக்கங்களில் பெரும்பாலானவை உயிர் வாழும் உரிமையைப் பற்றிப் பேசும். பிள்ளை அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடும். எழுத்துப் பிழை இராது, வசனப் பிழையும் இராது. நாடுதான் பிழை.

உயிரையும் ஆள்சார் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் உறுப்பு இந்திய அரசியலமைப்பில் உள்ளது. இலங்கையின் 21ஆம் உறுப்புரை பேசுவது பயிற்றுமொழியைப் பற்றி. தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் இரண்டில் ஏதாவது ஒன்றின் மூலம் கல்வி பெற ஒருவருக்கு உரித்து உண்டு என்கிறது அது. அந்தப் பிள்ளை வகுப்பில் தமிழில் உட்கார்ந்து படிப்பதற்குச் சட்டத்தில் உள்ள அத்திவாரமே அந்த வரிதான். அதைத் தேடப் போன பிள்ளை, தன் காலுக்குக் கீழே இருந்ததைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய் வந்திருக்கிறது.

இந்தத் தடுமாற்றத்தைத் தண்டிக்கக் கூடாது. நல்ல ஆசிரியர் ஒருவர் இதையே பாடத்தின் தொடக்கமாக்கலாம். அரசியலமைப்பை மனனம் செய்யவைப்பதை விட்டு, மூலத்தைத் தாங்களே திறந்து, திகதி பார்த்து, அதைத் தங்கள் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஒரே தமிழ், வேறு சட்டச் சொல்

தமிழில் தேடுகிற இலங்கைப் பிள்ளைக்கு என்று தனியான சிக்கல் ஒன்று உண்டு. இணையத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. மொழி ஒன்று, சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 'உயர் நீதிமன்றம்' என்றால் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இலங்கையில் 'உயர் நீதிமன்றம்' என்பதே நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழே உள்ளதுதான் மேல் நீதிமன்றம். அங்கே குடியரசுத் தலைவர், இங்கே சனாதிபதி. அங்கே மாநிலம், இங்கே மாகாணம். அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி.

ஆகவே முதல் பாடம் சொற்களைப் பற்றியதாக இருக்கலாம். வகுப்பு இரண்டு குழுவாகப் பிரிந்து, தேடிக் கிடைத்த பக்கங்களில் இருந்து சொற்களைப் பொறுக்கி, எந்தச் சொல் எந்த நாட்டைக் காட்டிக்கொடுக்கிறது என்று அட்டவணை போடட்டும். 'உறுப்புரை', 'பாராளுமன்றம்', 'சனாதிபதி' என்று கண்டால் பெரும்பாலும் நம் நாட்டுப் பக்கம். இதைக் கற்ற பிள்ளை இனி எந்தப் பக்கத்தையும் திறந்தவுடன் 'இது யாருக்காக எழுதப்பட்டது?' என்று கேட்கும். இணைய ஆய்வின் அரிச்சுவடி அதுதான்.

இரண்டாம் பாடம் மூலத்துக்குப் போவது. இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியைப் பாராளுமன்றத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாகப் பெறலாம். 24 அத்தியாயங்கள், 172 உறுப்புரைகள், பின்னால் அட்டவணைகள். அதன் தமிழ் கனமானது; ஒரு வசனம் ஐந்தாறு வரிக்கு ஓடும். முழுவதையும் படிக்கச் சொன்னால் பிள்ளை மூடி வைத்துவிடும். ஆனால் ஓர் உறுப்புரையைக் கையில் கொடுத்து, 'இதை உன் அம்மம்மாவுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லு' என்று கேட்டால் நிச்சயம் சொல்லும். தரம் 8 பிள்ளைக்கு மூன்று வரிச் சட்டத்தை ஊர்த் தமிழில் சொல்லும் ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலைப் பரீட்சை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கொப்பியின் நடுவில் ஒரு கோடு

கொப்பியின் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போடுவோம். இடது பக்கம் 'எழுதியிருப்பது'. வலது பக்கம் 'ஊரில் இருப்பது'. இடது பக்கத்தில் உறுப்புரை இலக்கமும் அது எந்தத் திருத்தத்தின்படி உள்ளது என்பதும் கட்டாயம் இருக்கவேண்டும். வலது பக்கத்தில் பிள்ளை கண்ணால் கண்டது, வீட்டில் கேட்டது, பத்திரிகையில் படித்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகலாம், முரண்படலாம். பிள்ளை செய்யவேண்டியது இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளப்பது.

மண்கும்பானில் மணலிலிருந்து தொடங்கலாம். தீவுக்கு மணல் திட்டு அழகுக்காக மட்டும் இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் உப்புநீருக்கு மேலே ஒரு வில்லை போலத் தங்கும். அந்த வில்லைதான் கிணற்றில் வரும் நல்ல தண்ணீர். மணலை அள்ளினால் வில்லை மெலியும், கிணற்றில் உவர் ஏறும். அருகில் உள்ள சாட்டிக் கிணறுகளின் அருமை தெரிந்த எந்தத் தீவகத்து வீட்டுக்கும் இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது.

இப்போது இடது பக்கம். 27ஆம் உறுப்புரையின் 14ஆம் பந்தி, சமூகத்தின் நன்மைக்காகச் சுற்றாடலை அரசு பாதுகாத்து, பேணி, மேம்படுத்தவேண்டும் என்கிறது. 28ஆம் உறுப்புரை குடிகளின் கடமைகளைப் பட்டியலிட்டு, கடைசியாக இயற்கையையும் அதன் வளங்களையும் காப்பதைச் சொல்கிறது. அப்படியானால் மணல் அள்ளுகிறவர்மீது 27ஐக் காட்டி வழக்குப் போடலாமா? பிள்ளை இன்னும் ஓர் உறுப்புரை கீழே போகவேண்டும். இந்த அத்தியாயத்தில் உள்ளவை சட்ட உரிமைகளைத் தரா, இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது 29.

பிள்ளை ஏமாந்துபோகலாம். அங்கே நின்றுவிடக் கூடாது. அடுத்த தேடல் யாழ்ப்பாணத்துக்கு உள்ளேயே இருக்கிறது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையம் ஒன்றைச் சுற்றி வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சூழல் செயற்பாட்டாளர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி அந்த உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிடப்பட்டது. சட்டத்தின் முன் சமத்துவத்தைச் சொல்லும் 12ஆம் உறுப்புரையின் வழியே தண்ணீர் நீதிமன்றத்துக்குள் வந்தது. அதற்கு 19 ஆண்டு முன்னர், 2000ஆம் ஆண்டில், எப்பாவல பொஸ்பேற்று அகழ்வுக்கு எதிராக அந்தப் பகுதி மக்கள் போட்ட வழக்கிலும் நீதியரசர் அமரசிங்க இதே 27ஐயும் 28ஐயும் துணைக்கு எடுத்துத்தான் தீர்ப்பெழுதினார். தனியாக நிற்க முடியாத உறுப்புரை, இன்னோர் உறுப்புரையின் தோளில் ஏறி நீதிமன்றத்துக்குள் போகிறது. 27(14)இன் வாசகத்தை மனனம் செய்த பிள்ளைக்கு இது தெரியவராது. தேடிப் போன பிள்ளைக்குத்தான் தெரியும்.

கல்விக்கும் இதே கதை. எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்பது நம் அரசியலமைப்பில் 27ஆம் உறுப்புரைக்குள்தான் இருக்கிறது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கித் தலைமுறைகளைத் தூக்கிவிட்டது. இருந்தும் கல்வியை அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்தில் காண முடியாது. இந்தியா 2002இல் 86ஆம் திருத்தத்தின் மூலம் 21A என்று ஒரு புதிய உறுப்பையே சேர்த்துக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. பிழையான நாட்டுக்குப் போய் வந்த நம் முதல் பிள்ளை, ஒப்பிடத் தெரிந்தபின் அதே நாட்டுக்குச் சரியான காரணத்துடன் திரும்பப் போகலாம்.

தமிழில் சேர்ந்த 'உம்'

மொழி உறுப்புரைகள் தமிழ் ஆசிரியருக்கும் குடியியல் ஆசிரியருக்கும் பொதுவான பாடம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. 1978 அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை அதையே சொன்னது. 1987 நவம்பர் 14ஆம் திகதி 13ஆம் திருத்தம் சான்றுப்படுத்தப்பட்டபோது, அந்த உறுப்புரையில் இரண்டாவதாக ஒரு பந்தி நுழைந்தது: தமிழும் ஓர் அரசகரும மொழி. 'தமிழ்' என்பதோடு ஓர் 'உம்' சேர்வதற்கு 31 ஆண்டு சென்றது. இலக்கண வகுப்பில் எண்ணும்மை, உயர்வு சிறப்பும்மை என்று படிக்கிற பிள்ளைகள், இந்த 'உம்' என்ன வேலை செய்கிறது என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசலாம்.

அந்த 31 ஆண்டுக்குள் நடந்ததையும் தேடட்டும். அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ பாரபட்சமான சட்டம் ஆக்கக்கூடாது என்று பாராளுமன்றத்துக்கு வேலி போட்டிருந்தது. சிங்களப் பரீட்சை எழுதாததற்காகச் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன், அந்த வேலியை நம்பி வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1969இல் வந்த தீர்ப்பு, 29(2) பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமலே வழக்கை இங்கே திருப்பி அனுப்பியது. 1972 மே 22இல் முதலாம் குடியரசு அரசியலமைப்பு வந்தபோது அந்த வேலியே இல்லாமற்போனது. தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அதே ஆண்டு தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, அந்த அரசியலமைப்பைப் பற்றி மக்களிடம் தீர்ப்புக் கேட்டார். இடைத்தேர்தல் நடந்தது 1975 பெப்ரவரியில்தான். ஒரு பிரிவின் வரலாற்றைத் தேடினாலே கால் நூற்றாண்டு அரசியல் பிள்ளையின் கண்முன் விரிந்துவிடும்.

வலது பக்கத்துக்கு வேலை சுலபம். வீட்டுக்கு வந்த அரச கடிதங்களை எடுத்துப் பார்க்கலாம். எந்த மொழியில் வந்திருக்கிறது? படிவத்தில் தமிழ் இருக்கிறதா, இருந்தால் விளங்குகிறதா? வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்கிறது 22ஆம் உறுப்புரை. மீறப்பட்டால் முறையிட அரசகரும மொழிகள் ஆணைக்குழு உண்டு; அதற்கு 1991இல் தனிச் சட்டமே வந்தது. இன்னும் ஒன்று: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்ற அண்மைச் சட்டமொன்றைத் திறந்து கடைசிப் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கு இடையில் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். இரண்டு மொழியும் அரசகரும மொழி என்ற வரியையும் இந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு ஆசிரியர் பேசாமல் நிற்கலாம். கேள்வி பிள்ளைகளிடமிருந்து வரும்.

இரண்டு தடவை காலியான கதிரை

தீவகத்துப் பிள்ளைக்கு அரசியலமைப்பு தூரத்துக் கொழும்பு விடயம் இல்லை என்பதற்கு ஊர்காவற்றுறைத் தொகுதியின் வரலாறே சாட்சி. டொனமூர் அரசியலமைப்பு 1931இல் பெண்களுக்கும் சேர்த்து 21 வயதானோர் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. முதல் தேர்தலில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்திருந்தது. அந்தக் காங்கிரஸ் 1924இல் தொடங்கியபோது அதன் பெயர் மாணவர் காங்கிரஸ். ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர் அதை முன்நின்று நடத்தினர். 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை தீவகத்துக்கு அரசாங்க சபையில் ஆளில்லை. அந்த முடிவு சரியா பிழையா என்று யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் வாதம் உண்டு, வகுப்பிலும் நடக்கட்டும். ஓர் அரசியலமைப்பின் வாசகத்தைப் படித்துவிட்டு ஒரு நிலைப்பாடு எடுக்கும் துணிவு, இந்த மண்ணில் மாணவர் பெயரில் தொடங்கியது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இரண்டாவது கதிரை மாகாண சபையில். 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. ஒன்பதாம் அட்டவணை எந்த அதிகாரம் யாருக்கு என்று மூன்று பட்டியல் போடுகிறது: மாகாணத்துக்கு, மத்திக்கு, இரண்டுக்கும் பொதுவாக. அந்தப் பட்டியலில் தங்கள் பாடசாலை எங்கே நிற்கிறது என்று பிள்ளைகள் தேடலாம். மாகாணப் பாடசாலை என்றால் அதை நடத்துவது மாகாணம், பாடத்திட்டம் எழுதுவது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். வடக்கு மாகாண சபைக்கென்று தனியாக நடந்த தேர்தல் ஒன்றுதான். அது 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல கழிந்தன, அடுத்த தேர்தல் வரவில்லை. 2013இல் பிறந்த பிள்ளை பெரிய வகுப்புக்கு வந்துவிட்டது. இடது பக்கத்தில் மாகாண சபைகள் பற்றிய 154A முதலான உறுப்புரைகள், வலது பக்கத்தில் காலியான சபை.

பாரமான பக்கம்

சில பக்கங்களை மிகுந்த கவனத்தோடு திறக்கவேண்டும். 1990 ஆகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் பிடித்துச்செல்லப்பட்ட இளைஞர் பலர் வீடு திரும்பவில்லை. பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். இந்த ஊர்ப் பிள்ளை 'கைது' என்ற சொல்லை முதலில் கேட்டது பாடப்புத்தகத்தில் இருக்காது. வீட்டில், சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்துக் கேட்டிருக்கும்.

13ஆம் உறுப்புரை, காரணம் சொல்லாமல் யாரையும் கைதுசெய்யக்கூடாது, கைதானவரை நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்கிறது. 15ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பின் பேரில் இந்தப் பாதுகாப்புகளைச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. ஆனால் சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரைக்கு 15இல் எந்த விலக்கும் இல்லை; அது எந்தக் காலத்திலும் முழுமையாக நிற்கவேண்டியது. உயிர் வாழும் உரிமை? இலங்கை அரசியலமைப்பில் அப்படித் தனியாக ஓர் உறுப்புரை கிடையாது. 2003இல் உயர் நீதிமன்றம் 13(4)இன் வாசகத்திலிருந்து அதை உய்த்துணர்ந்து சொன்னது. முதல் நாள் இந்தியப் பக்கத்தில் இருந்து பார்த்தெழுதிய அந்த உரிமை, தன் நாட்டு ஏட்டில் வெளிப்படையாக இல்லை என்று கண்டுபிடிக்கும் நாள், பிள்ளை மறக்கமுடியாத நாளாக இருக்கும்.

இந்தப் பாடத்தில் ஆசிரியர் எந்தப் பிள்ளையையும் தன் வீட்டுக் கதையைச் சொல்லும்படி கேட்கக் கூடாது. சொல்ல விரும்புகிற பிள்ளைக்கு நேரமும் செவியும் கொடுக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உண்டாக்கியது; 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்குதலைக் குற்றமாக்கியது. சட்டம் இருப்பதையும், தாய்மார் இன்னும் வீதியோரத்தில் படத்தோடு உட்கார்ந்திருப்பதையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். எதையும் மறைத்து எழுதினால் அந்தக் கொப்பி பொய் சொல்லும்.

மூன்றாவது பத்தி

தூரத்தை அளந்துவிட்டு நின்றுவிட்டால் பிள்ளையிடம் மிஞ்சுவது கசப்பு மட்டும்தான். அதனால் கொப்பியில் இன்னொரு கோடு போடவேண்டும். மூன்றாவது பத்தியின் தலைப்பு 'யாரிடம் கேட்பது?'

2015இல் 19ஆம் திருத்தம் 14A என்ற உறுப்புரையைச் சேர்த்தது: தகவலை அணுகும் உரிமை. அதை நடைமுறைப்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் செயலுக்கு வந்தது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். கேட்ட 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். ஓர் உயிரோ ஆள்சார் சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

மணல் பாடம் இங்கே முழுமை பெறும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். இந்த ஊருக்கு எத்தனை அனுமதி கொடுக்கப்பட்டது, எந்தத் திகதி வரை, எந்த நிபந்தனையில் என்று கேட்டு வகுப்பே சேர்ந்து கடிதத்தை வரையலாம். பெற்றோர் ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பலாம். பதில் வந்தால் அதைக் கொப்பியில் ஒட்டலாம். வராவிட்டால் வராத திகதியை எழுதலாம். வேலணைப் பிரதேச சபைக்கு, பிரதேச செயலகத்துக்கு, வலயக் கல்விப் பணிமனைக்கு என்று ஒவ்வொரு கேள்விக்கும் சரியான கதவைக் கண்டுபிடிப்பதே ஆட்சிமுறையைப் படிப்பது. விதானையார் செய்யக்கூடியது எது, பிரதேச சபை உறுப்பினர் செய்யக்கூடியது எது என்று பெரியவர்களே மாறிப்போய்க் கேட்டு அலைகிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து சரியான கதவைச் சொன்னால், அந்த வீட்டின் நடை குறையும்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். மண்கும்பானிலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. இந்த ஒரு விடயம் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் இருக்கக்கூடும். பரீட்சைக்கு வராவிட்டாலும் இது சொல்லிக்கொடுக்கப்பட வேண்டியது.

தேடலுக்கு ஓர் ஒழுங்கு

இணையம் திகதி இல்லாமல் பேசும். அதுதான் அதன் பெரிய ஆபத்து. சனாதிபதி எத்தனை தடவை பதவி வகிக்கலாம் என்று தேடிப் பாருங்கள். 1978இல் இரண்டு தடவை. 2010இல் 18ஆம் திருத்தம் அந்த எல்லையை எடுத்தது. 2015இல் 19ஆம் திருத்தம் திரும்ப வைத்தது. 2010க்கும் 2015க்கும் இடையில் எழுதிய பக்கத்தைப் படித்த பிள்ளையின் விடை இன்று பிழை. பக்கம் அன்றைக்குச் சரி. 2022இல் 22ஆம் திருத்தச் சட்டமூலம் என்று செய்திகளில் பேசப்பட்டது, ஒக்டோபர் 31இல் சான்றுப்படுத்தப்பட்டபோது 21ஆம் திருத்தம் ஆனது. இரண்டு இலக்கத்தையும் கண்ட பிள்ளை குழம்பும். சட்டமூலம் வேறு, சட்டம் வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் ஏது?

ஆகவே ஒரு கட்டுப்பாடு: முதலில் மூலம், பின்னர் விளக்கம். ஒவ்வொரு விடைக்கும் உறுப்புரை இலக்கம், பார்த்த திகதி. விக்கிப்பீடியா நுழைவாயில்தான், வீடு இல்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அது சொன்ன உறுப்புரையைப் பாராளுமன்றப் பிரதியில் சரிபார்த்த பிறகே எழுதலாம். அது இந்தியாவையும் இலங்கையையும் ஒன்றாகக் கலந்துவிடக்கூடும். பழைய பத்திரிகைகளுக்கும் ஊர் மலர்களுக்கும் 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் இருக்கிறது. அரசு என்ன சொல்கிறது என்று ஒரு தளத்தில் கண்டபின், அன்றைக்கு மக்கள் என்ன சொன்னார்கள் என்று அங்கே தேடலாம்.

கொரோனாக் காலம் நமக்கு ஒன்றைக் காட்டியது. இணைய வகுப்பு என்றவுடன், சிக்னல் தேடிப் பாறைமேலும் மரத்திலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகள் எத்தனையோ. அதனால் இந்தப் பாடத்துக்கு ஆளுக்கொரு கணினி தேவையென்று காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் அதன்பின் இணையம் இல்லாமலே தேடலாம். ஐந்து பிள்ளைக்கு ஒரு போன் போதும். ஒருவர் தட்ட, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, ஒருவர் திகதி பார்க்க, ஒருவர் கேள்வி கேட்கலாம். சொல்லப்போனால் அப்படிச் செய்தால் வாதம் இன்னும் நன்றாக நடக்கும்.

தீவகத்துப் பிள்ளைக்கு வேறெந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத ஒரு வசதியும் உண்டு. பாரிசில் மச்சாள், ரொறன்ரோவில் பெரியம்மா வீடு, இலண்டனில் சித்தப்பா. பிரான்சில் 1958ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கனடாவில் 1982ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயம். பிரித்தானியாவிலோ ஒரே ஏடாக எழுதப்பட்ட அரசியலமைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் சாப்பாடு, சுகம் கேட்டுமுடிய, 'உங்கட பள்ளிக்கூடத்தில உங்கட நாட்டுச் சட்டத்தை எப்பிடிப் படிப்பிக்கினம்?' என்று ஒரு கேள்வி கேட்கலாம். அங்கே வளரும் பிள்ளைக்கும் தன் தாயின் ஊர் எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்று அறிய அதுவே முதல் வாய்ப்பாக அமையலாம்.

கொல்லம் செய்தது

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தைக் காட்டலாம். அங்கே 10 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அரசியலமைப்பு எழுத்தறிவு என்ற இயக்கத்தை மாவட்டப் பஞ்சாயத்து நடத்தியது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் 'செனட்டர்' என்ற பெயரோடு வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் அது இந்தியாவின் முதல் அரசியலமைப்பு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கோனர், ஓய்வுபெற்றபின் 2009இல் ஐசிவிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் இணைய விளையாட்டின் மூலமே ஆட்சிமுறையைப் படிக்க வழிசெய்தார். ஐஸ்லாந்து 2011இல் புதிய அரசியலமைப்பின் வரைவை இணையத்தில் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அந்த வரைவு அங்கே சட்டமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நம் நாட்டிலும் 2016இல் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்காக லால் விஜேநாயக்க தலைமையில் ஒரு குழு மாவட்டங்களுக்குப் போய் மக்களிடம் நேரே கருத்துக் கேட்டது. மின்னஞ்சலிலும் அனுப்பலாம் என்றது. அன்று வந்த யோசனைகள் அறிக்கையாகி நிற்கின்றன. அப்படி ஒரு குழு திரும்ப வரும் நாளில், தீவகத்திலிருந்து என்ன அனுப்பப்படும் என்பது இன்று தரம் 8இல் இருப்பவர்களைப் பொறுத்தது. மூன்று பத்தி போட்ட கொப்பியோடு வளர்ந்த பிள்ளை, வெறும் ஆதங்கத்தை எழுதி அனுப்பாது. இந்த உறுப்புரையில் இந்தச் சொல் இருக்கிறது, எங்கள் ஊரில் இது நடந்தது, ஆகவே இந்தச் சொல்லை இப்படி மாற்றுங்கள் என்று எழுதும்.

அரசியலமைப்பு திரும்பவும் திருத்தப்படும். அன்றைக்கு அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்து, இடது பக்கத்தில் பழைய திகதிக்குக் கீழே புதிய திகதியை எழுதும். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், வலது பக்கத்தில் எதுவும் மாறியிருக்கிறதா என்று பார்த்து வரும்.